இரண்டு பெட்டிக்குள் எங்கட பெயர் அடங்காது

ஒன்லைனில் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பது இரண்டு பெட்டி. ஒன்று ஃபர்ஸ்ட் நேம், மற்றது லாஸ்ட் நேம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. உப்புவெளியில் ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பிக்கிற தம்பியும், கட்டாருக்கு விஸா போடுகிற அக்காவும், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு முயற்சி செய்கிற நாங்களும் அந்த இடத்தில் ஒருதரம் தடக்குப்பட்டு நிற்கிறோம். பிறகு லாஸ்ட் நேமுக்குள் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டுப் போகிறோம். "சும்மா ஏதாவது போடு, உள்ள எடுத்தாச் சரி" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டல்.

இந்தச் 'சும்மா ஏதாவது' எங்களுக்குச் சரியில்லை. அதைவிட, இந்தப் பிரச்சினைக்குக் கணினி படிக்கிற எங்கட நண்பர்கள் வைத்திருக்கிற தீர்வு இன்னும் சரியில்லை. அவர்கள் சொல்வது இதுதான்: "அது ஒரு சின்ன விசயம் மச்சான். ரெண்டு பேர் உள்ளவைக்கு ஒரு மெதட், மற்றவைக்கு எத்தனை பேரையும் எடுக்கிற இன்னொரு மெதட். ஓவர்லோட் பண்ணிவிட்டால் முடிஞ்சுது." நாங்கள் கலைப்பீடம். எங்களுக்கு இது விளங்காது என்று நினைத்துத்தான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருப்பார்கள். விளங்கிக்கொண்டுதான் எழுதுகிறோம். முடியவில்லை, இந்த இடத்தில்தான் வில்லங்கமே தொடங்குகிறது.

முதலில் சொற்கள். மெதட் என்பது பெயர் வைத்த ஒரு வேலை. அதைக் கூப்பிடும்போது உள்ளே கொடுப்பவற்றை உள்ளீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெயரில் பல மெதட் எழுதி, கொடுக்கிற உள்ளீட்டைப் பார்த்து எது ஓடவேண்டும் என்று தீர்மானிக்க விடுவது ஓவர்லோடிங். இது தமிழுக்குப் புதிதில்லை. 'போடு' என்ற ஒரு சொல்லை வைத்துச் சோறு போடுகிறோம், சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். எது என்று முன்னால் வருகிற சொல் சொல்லிவிடும். எத்தனை உள்ளீடும் ஏற்கும் மெதட் வேறு சாதி. கடையில் கொடுக்கிற சாமான் துண்டு மாதிரி அது. இரண்டு சாமான் எழுதினாலும் இருபது எழுதினாலும் கடைக்காரர் ஒன்றொன்றாக எடுத்து வைப்பார். உயர்தரத்தில் ஐ.சி.ரி. எடுத்தவர்கள் பைத்தனின் பிரிண்டில் இதைக் கண்டிருப்பீர்கள். எத்தனை காற்புள்ளி போட்டாலும் அது குறை சொல்லாது. ஜாவா மொழிக்குள் இந்த வசதி 2004இல், அதன் ஐந்தாம் பதிப்போடு வந்தது.

இரண்டும் தனித்தனியே நல்ல பிள்ளைகள். சேர்த்து ஒரு வீட்டில் விட்டால்தான் குழப்பம்.

ஜாவாவையே எடுப்போம். நண்பர்களின் தீர்வுப்படி இரண்டு மெதட் எழுதுகிறோம். ஒன்று பதிவுசெய்(முதற்பெயர், குடும்பப்பெயர்). மற்றது பதிவுசெய்(கூறுகள்...), அந்த மூன்று புள்ளிக்கு 'எத்தனையும் தரலாம்' என்று பொருள். இப்போது 'ஆனந்தி சிவராசா' என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனந்தி அவருடைய பெயர், சிவராசா அவருடைய அப்பா. எந்த மெதட் ஓடும்?

கொம்பைலர் இதை மூன்று சுற்றில் தேடும். முதற் சுற்றில், கொடுத்ததை அப்படியே ஏற்கிற, எண்ணிக்கை நிலையான மெதட் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாம் சுற்றில் எண்களையும் அவற்றின் பொருள் வடிவங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்கும். அதிலும் இல்லையென்றால் மட்டுமே மூன்றாம் சுற்றில், எத்தனையும் ஏற்கும் மெதட்டைத் திரும்பிப் பார்க்கும். ஒரு சுற்றில் ஆள் கிடைத்துவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போகவே போகாது. ஆனந்தி சிவராசா என்பது இரண்டு உள்ளீடு, ஆகவே முதற் சுற்றிலேயே அவர் பிடிபட்டுவிடுவார். சிவராசா குடும்பப்பெயர் ஆகிவிடுவார். 'மற்றவர்களுக்காக' எழுதிய மெதட் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அவருக்கு அது ஒருநாளும் ஓடாது.

இதில் எங்களுக்கு எரிச்சல் தருவது என்னவென்றால், பிழைச் செய்தி எதுவும் வராது. சிவப்பு வரி இல்லை, எச்சரிக்கை இல்லை. ஒற்றைப் பெயர்க்காரரும் ஐந்து பெயர்க்காரரும் மூன்றாம் சுற்றில் தப்பிவிடுவார்கள். அப்பா பெயரோடு சேர்த்து இரண்டு சொல்லில் எழுதுகிற எங்களில் பெரும்பாலானோர்தான் சத்தமில்லாமல் மாட்டிக்கொள்வோம். வெளியே நிறுத்தி வைத்தால் சண்டை பிடிக்கலாம். உள்ளே எடுத்து வேறொரு ஆளாக்கி உட்கார வைத்தால் யாரோடு பிடிப்பது?

சரி, அப்படியென்றால் மூன்றாவதாக இன்னொரு மெதட் எழுதலாமே, பதிவுசெய்(தன்பெயர், தந்தைபெயர்) என்று? முடியாது. ஜாவா உள்ளீட்டின் எண்ணிக்கையையும் வகையையும் மட்டும்தான் பார்க்கும். அதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முதற்பெயரும் எழுத்துச்சரம், தந்தைபெயரும் எழுத்துச்சரம். இரண்டு எழுத்துச்சரம் எடுக்கிற மெதட் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லி மூடிவிடும். பைத்தனிலோ இதைவிட மோசம். அங்கே ஓவர்லோடிங்கே இல்லை. அதே பெயரில் இரண்டாவதாக எழுதினது முதலாவதை ஒரு வார்த்தை பேசாமல் அழித்துவிட்டு அந்த இடத்தில் இருந்துகொள்ளும்.

ஒரே உருவம், எதிர்ப் பொருள். இதை விளங்கிக்கொள்ள எங்கட ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகிற வீதியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் பொதுநலவாயக் கல்லறைத் தோட்டம். அந்தக் கற்களில் பெயர் எழுதுகிற வழமை, முதலெழுத்தும் பிறகு ஒரு முழுச்சொல்லும். ஜே. ஸ்மித் என்று இருந்தால் முதலெழுத்துத்தான் அந்த மனிதனை அவனுடைய தாய் கூப்பிட்ட பெயர். முழுச்சொல் பரம்பரைக்குச் சொந்தமானது. அதே வீதியால் கொஞ்சம் வந்தால் கடைப் பலகையிலோ திருமண வாழ்த்துப் பதாகையிலோ 'சி. ஆனந்தி' என்று இருக்கும். இங்கே முழுச்சொல்தான் ஆள். முதலெழுத்து அப்பா. எழுதின விதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரு புள்ளி, ஒரு சொல். எந்தக் கொம்பைலருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. தெரிவதற்கான தகவல் அதற்குள் இல்லவே இல்லை.

தமிழ் படிக்கிறவர்கள் என்ற முறையில் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறோம். 'சிவராசா ஆனந்தி' என்பது உண்மையில் 'சிவராசாவின் மகள் ஆனந்தி'. நடுவில் உருபும் உறவும் மறைந்து நிற்கின்றன. இலக்கண வகுப்பில் இப்படி மறைந்து நிற்பதைத்தான் தொகை என்று படிக்கிறோம். தொகையை விரித்து வாசிக்க ஊரும் பழக்கமும் வேண்டும். மறையாமல் எழுதினால் தமிழுக்கு வரிசை பற்றிய கவலையே கிடையாது. 'ஆனந்தியை வாணி கண்டாள்', 'வாணி ஆனந்தியைக் கண்டாள்', எப்படி மாற்றினாலும் யார் யாரைக் கண்டது என்று 'ஐ' சொல்லிவிடும். எண்ணிக்கை பற்றியும் கவலை இல்லை. 'ஆனந்தியும் வாணியும் ரஹீமும் நிமலும்' என்று எத்தனை 'உம்' வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வோர் உள்ளீடும் தன் அடையாளத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். கணினிப் பெடியள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்: இடத்தை வைத்து உறவைக் கண்டுபிடிக்கிற பழக்கம் உலகத்தில் எல்லோருக்கும் இல்லை.

இடத்தை வைத்துக் கண்டுபிடித்ததன் விளைவை விளையாட்டுச் செய்தி வாசிக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலக சதுரங்கச் சம்பியனாக இருந்த விஸ்வநாதன் ஆனந்தை மேற்குலகம் செல்லமாக 'விஷி' என்று கூப்பிட்டது. விஸ்வநாதன் அவருடைய அப்பா. வருடக்கணக்காக ஒரு மனிதரை அவருடைய அப்பாவின் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டிருக்கிறார்கள். முத்தையா முரளிதரனுக்கு இந்த விபத்து நடக்கவில்லை, ஏனென்றால் முன்னால் அப்பா பெயரையும் பின்னால் தன் பெயரையும் எழுதும் எங்கட வழமை அவருக்குத் தற்செயலாகக் கைகொடுத்தது. லாஸ்ட் நேம் என்று எடுத்தது அவருடைய சொந்தப் பெயராகவே அமைந்துவிட்டது. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டியலில் இப்போது 'பிரக்ஞானந்தா ஆர்' என்று ஒருவர், 'குகேஷ் டி' என்று இன்னொருவர். 'ஆர்' என்பது ரமேஷ்பாபு, அப்பாவின் பெயர். 'டி' என்பது டொம்மராஜு, குடும்பப்பெயர். சென்னையில் ஒரே மேசையில் இருந்து விளையாடக்கூடிய இருவரின் பெயர் ஒரே அச்சில் இருந்தும் பொருள் வேறு.

இது தமிழருக்கு மட்டுமான ஒப்பாரி என்று யாரும் நினைக்கவேண்டாம். சமிந்த வாஸின் முழுப்பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். ஆறு உள்ளீடு. ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எண்ணினாலே 52 எழுத்து. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கிற வரியில் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 39 இடம். எங்கட முஸ்லிம் நண்பர்களில் மூன்று முதலெழுத்து வைத்திருப்பவர்கள் தாராளம். திருகோணமலையில் ஒரு வகுப்பின் வரவுப் பதிவேட்டை எடுத்தால் மூன்று சமூகத்தின் நான்கைந்து பெயர் முறை ஒரே பக்கத்தில் கிடக்கும். ரீச்சர் ஒருநாளும் குழம்புவதில்லை. அவரிடம் ஒரு வரிதான் இருக்கிறது, பெட்டி இல்லை.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விஸாவில் ஏற்கமாட்டோம் என்றது. இந்திய விமான நிறுவனங்கள் பயணிகளுக்கு அவசர அறிவித்தல் விட்டன. கடவுச்சீட்டில் சொந்தப் பெயரை மட்டும் வைத்திருக்கிற தமிழ்நாட்டுக்காரர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு, கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பாவின் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதாவது அப்பாவைக் கொண்டுவந்து இரண்டாவது பெட்டியில் நிறுத்தினால் உள்ளே வரலாம். அதே வருடம் இந்தோனேசிய உள்துறை அமைச்சு, பதிவு ஆவணங்களில் பெயர் என்றால் குறைந்தது இரண்டு சொல் இருக்கவேண்டும், 60 எழுத்தைத் தாண்டக்கூடாது என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தது. சுகார்னோவும் சுகார்த்தோவும் ஒற்றைச் சொல்லில் நாட்டை ஆண்ட நாடு அது. மெதட்டைத் திருத்த மனம் வராவிட்டால் கடைசியில் மனிதரைத் திருத்துவார்கள்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். லாஸ்ட் நேம் பெட்டி தமிழருக்கு வெறுமையாக இருப்பது குறைபாடு இல்லை. அந்த இடம் ஒருகாலத்தில் நிரம்பித்தான் இருந்தது, சாதியால். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து வெட்டி எறியத் தீர்மானம் போட்டார்கள், அங்கேயே பலர் எறிந்தும் காட்டினார்கள். தமிழ்நாட்டில் இன்று பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் நடமாடுவது அப்படிப் போராடிப் பெற்ற வெறுமை. அதைச் சிவப்பு நட்சத்திரம் போட்டு "கட்டாயம் நிரப்பவும்" என்று ஒரு படிவம் கேட்கிறது. என்ன கேட்கிறோம் என்று அதற்கே தெரியாது.

பெண்களுக்கு இன்னொரு படி கூடுதல். திருமணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து. சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. எங்களில் ஒருத்தி ஒரு வெளிநாட்டுப் பயிற்சிநெறிக்கு விண்ணப்பித்தபோது, அவளுடைய லாஸ்ட் நேமும் அம்மாவுடைய லாஸ்ட் நேமும் ஏன் ஒன்றாக இல்லை என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள். அவளுக்கு அவளுடைய அப்பா, அம்மாவுக்கு அம்மாவுடைய அப்பா. இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? அதோடு எங்கட கிழக்கில், அப்பா இல்லாமல் அம்மாவோ அம்மம்மாவோ வளர்த்த பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவின் பெயர் கட்டாய உள்ளீடு என்று எழுதுகிற நிரலர் அந்தப் பிள்ளையைத் திரைக்கு முன்னால் இருத்தி ஒருதரமாவது யோசித்தாரா?

இனி மறுப்புகள். முதலாவது: "பெயர் வரிசைப்படி பட்டியல் போடக் குடும்பப்பெயர் தேவை." ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு எங்களைப் போலவே அப்பாவின் அல்லது அம்மாவின் பெயரிலிருந்து வந்த இரண்டாம் பெயர்தான். அந்த நாட்டின் தொலைபேசிப் புத்தகம் முதற்பெயரின் வரிசையில்தான் அச்சானது. ஒரு நாடே சமாளித்தது.

இரண்டாவது: "விமானச் சீட்டு, கடவுச்சீட்டு எல்லாம் உலகத் தரம், எங்களால் மாற்ற ஏலாது." உலகத் தரத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டு வாருங்கள். கடவுச்சீட்டுக்கான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று இல்லை. முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று இரண்டு சொல்கிறது. எது எது என்று தீர்மானிப்பதை வழங்குகிற நாட்டிடம் விடுகிறது. பெயரைப் பிரிக்க முடியாவிட்டால் முழுவதையும் முதன்மையிலேயே போடலாம், துணை வெறுமையாக இருக்கலாம். அந்த வெறுமையை ஏற்காமல் விட்டது பிறகு வந்த படிவங்கள்.

மூன்றாவது மறுப்புத்தான் எங்கட நண்பர்கள் கைவிடாதது: "ஓவர்லோடிங்கை இன்னும் கவனமாகச் செய்தால் வரும்." ஒருவர் இப்படி எழுதிக் காட்டினார்: பதிவுசெய்(கூறுகள்...) ஒன்று, பதிவுசெய்(தன்பெயர், மற்றவை...) இன்னொன்று. இரண்டும் எத்தனையும் ஏற்கும். எழுதி முடித்து கொம்பைல் பண்ணினார், ஒரு பிழையும் இல்லை. முகத்தில் வெற்றி. பிறகு இரண்டு பெயரைக் கொடுத்து அதைக் கூப்பிட்டோம். எதைக் கூப்பிடுகிறாய் என்று தெளிவில்லை என்று கொம்பைலர் மறுத்துவிட்டது. கவனியுங்கள், மெதட்டை எழுதினவருக்குப் பிழை காட்டவில்லை. கூப்பிட வந்தவருக்குத்தான் காட்டியது. படிவம் செய்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார், நிரப்ப வந்தவர்தான் நின்று பதில் சொல்லவேண்டும் என்ற எங்கட அனுபவம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஜாவாவின் நூலகங்களை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா புளொக், எத்தனையும் ஏற்கும் மெதட்டை ஓவர்லோட் பண்ணாமல் விடுவதே பாதுகாப்பு என்று தன் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலில் அறிவுறுத்தியிருக்கிறார். விதிவிலக்கு இருக்கிறது. 2017இல் வந்த ஜாவா 9இல் பட்டியல் செய்கிற ஒரு மெதட்டுக்கு, உள்ளீடே இல்லாததிலிருந்து பத்து உள்ளீடு வரை ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், அதற்கு மேல் எத்தனையும் ஏற்கும் வடிவம் என்று மொத்தம் 12 இருக்கின்றன. அது வேகத்துக்காகச் செய்தது. முக்கியமான விசயம், அந்த 12இல் எது ஓடினாலும் கிடைப்பது ஒரே பட்டியல்தான். பொருள் மாறாது. பொருள் மாறாதபோது ஓவர்லோட் பண்ணுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வடிவத்தில் சிவராசா அப்பா, இன்னொரு வடிவத்தில் சிவராசா பரம்பரை என்றால், அது ஒரே பெயரில் ஒளித்துவைத்த இரண்டு வேறு வேலை.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. எங்கட நாட்டுக் கடதாசிப் படிவங்களில் எவ்வளவோ காலமாக இருக்கிறது: 'முழுப்பெயர்' என்று ஒரு நீளக் கோடு, கீழே 'முதலெழுத்துக்களுடன் பெயர்' என்று இன்னொரு கோடு. ஒன்று எத்தனையும் ஏற்கும். மற்றது அதை எப்படிச் சுருக்கவேண்டும் என்று ஆளையே கேட்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருக்கிறது, ஓவர்லோடிங் இல்லை. எங்கட அரச படிவங்களைத் திட்ட ஆயிரம் காரணம் வைத்திருக்கிறோம், இந்த விசயத்தில் மட்டும் அவை பெரிய கம்பனிகளின் இணையத்தளங்களைவிட முன்னால் நிற்கின்றன. இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ த்ரீ சி அமைப்பும் பெயரைப் பிரித்துக் கேட்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கச் சொல்கிறது, ஒரே பெட்டியில் முழுப்பெயரைக் கேட்டுவிட்டு, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தனியாகக் கேட்கலாம் என்கிறது. பட்ரிக் மக்கென்ஸி என்ற நிரலர் பெயர்களைப் பற்றி நிரலர்கள் நம்புகிற 40 பொய்களைப் பட்டியல் போட்டது 2010இல். இவ்வளவு காலம் கழித்தும் கம்பஸில் முதல் வருடப் பயிற்சியாக எழுதுகிற 'மாணவர் பதிவு' நிரலில் அதே இரண்டு உள்ளீடுதான்.

ஆகவே கணினி படிக்கிற தோழர்களிடம் நேராகக் கேட்கிறோம். உங்கட அடுத்த அசைன்மென்ட்டில் மாணவர் வகுப்பு எழுதும்போது முழுப்பெயர் என்று ஒரு எழுத்துச்சரம் வையுங்கள், கூப்பிடும்பெயர் என்று இன்னொன்று. அப்பா பெயர் உண்மையிலேயே தேவைப்பட்டால் அதை 'தந்தைபெயர்' என்றே கேளுங்கள், வெறுமையாக விடவும் விடுங்கள். விரிவுரையாளர் மாதிரிவிடையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இருக்கிறதே, புள்ளி குறைப்பாரே என்று பயந்தால், அவருடைய பெயரையே உள்ளீடாகக் கொடுத்து ஓடவிட்டுக் காட்டுங்கள்.

எங்கட வட்டத்தின் நிகழ்வுப் பதிவுப் படிவத்தில் இனி ஒரு பெட்டிதான். நட்சத்திரமும் இல்லை.